பெயருக்கு ஓர் எலும்பு

ஹால்வர்சனின் கல்லறைமேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்லிப் பிழைக்கிற வயதையெல்லாம் தாண்டியாயிற்று. தவிரவும், எங்கள் ஓட்டர் க்ரீக்கில் நடந்ததை நடந்தபடி சொன்னாலே வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அதற்குமேல் கற்பனை வேறு எதற்கு? ஹால்வர்சன் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பது போகப்போகத் தெரியும். அவர் கல்லறைமேல் பொய்ச் சத்தியம் செய்தவன் கை அழுகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் கை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

அன்றைக்கு மே மாதத்து முதல் சனிக்கிழமை. குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் கொட்டகையில் அந்தப் பனிக்கட்டித் தரையைக் கரைத்துவிட்டு, சிமெண்டு காய்வதற்குள்ளேயே பழைய சைக்கிள் சந்தையைப் போட்டுவிட்டார்கள். மலையில் பனி விலகி மண் தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களுக்கு உட்கார இருப்புக்கொள்ளாது. ஊரே சேற்று பூட்ஸோடு உள்ளே நின்றது. அமோஸ் பெக் மட்டும் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவில் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, நெடிய உடம்பு, எதற்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்துக்கொள்கிற முகம். காப்பி மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது தெரிகிற குரலில் சொன்னார்.

"எனக்கு ஒரு மலை சைக்கிள் வேணும். பழசே போதும். இதுதான் முதல் தடவ. இதப்பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

 டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் பம்பை அப்படியே பாதியில் பிடித்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற க்ளென்டா மர்டாக், அவர்தான் மலை சைக்கிள் பாதைச் சங்கத்துத் தலைவி, கையிலிருந்த கோப்பையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"சின்னதா ஒரு சரிவு, அப்படி எங்கயாச்சும் எறங்கிப் பாத்திருக்கீங்களா?"

"நான் சமவெளிக்காரன். எங்க ஊர்ல மேடுன்னா எறும்புப் புத்துதான்."

க்ளென்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உக்காருங்க," என்றார். "காப்பில சக்கர எத்தன போடட்டும்?"

ஆறு வருஷத்தில் அமோஸைப் பற்றி அந்த ஊர் அவரிடமே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சஸ்காச்சுவானில் கோதுமை எடைபோடும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஓடைக்கரையில் ஹால்வர்சனின் வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். தனி ஆள். எங்கள் பக்கத்தில் வீடு கைமாறுமே தவிரப் பெயர் மாறாது. விறகுக்குத் தொலைபேசி செய்தால், "ஹால்வர்சன் வீடுதானே, தெரியும்" என்பார்கள். தேவாலயத்தில் பாதிரியார், "ஹால்வர்சன் வீட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்" என்று வரவேற்றார். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்தபோது வாசற்படியில் வேளை தவறாமல் சூப் வந்தது. பாத்திரத்து மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் 'ஹால்வர்சன் வீட்டுக்கு' என்று இருந்தது. முதல் வருஷம் முழுக்க அவர் திருத்திக்கொண்டிருந்தார். என் பேரு அமோஸ், அமோஸ் பெக் என்பார். அப்படியா, சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஹால்வர்சனைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே வெட்டில் ஓர் அடி விட்டமுள்ள கட்டையைப் பிளப்பாராம். அவர் பாட ஆரம்பித்தால் கரடிகள் காட்டோரத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்குமாம். அந்த மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவர் செத்த அன்று மூன்று விதவைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்களாம். இரண்டாம் வருஷம் அமோஸ் திருத்துவதை விட்டுவிட்டார். மூன்றாம் வருஷம், கடைத்தெருவில் யாராவது ஹால்வர்சன் என்றால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். நாலாம் வருஷம் ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, நாக்குக்கு இன்னும் பழக்கம் இருக்கிறதா பார்க்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னார். யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அந்த ஊரில் பெயர் நிலைத்தவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. மலைமேல் ஒவ்வொரு சைக்கிள் பாதைக்கும் ஒரு பெயர்ப்பலகை. 'பாதிரியார் விலா' என்று ஒரு பாதை. 'க்ளென்டாவின் முட்டி' என்று இன்னொன்று. பாதையில் எவர் முதலில் எலும்பை முறித்துக்கொள்கிறாரோ, அவர் பெயரும் அந்த எலும்பும்தான் பாதைக்குப் பெயர். எலும்பு பாதையில்தான் உடைய வேண்டும். வண்டியிலிருந்து இறங்கும்போது உடைந்தால் செல்லாது. பல் எலும்பா என்று ஒருமுறை சங்கம் மூன்று கூட்டம் போட்டு விவாதித்துவிட்டு, இல்லை என்று தீர்மானித்தது. செத்துப்போனவர் பெயரை வைப்பதில்லை, ராசியில்லை. இப்படிப் பெயர் கிடைத்தவர்கள் ஊருக்குள் நடக்கிற நடையே தனி. "முட்டில இன்னிக்கு ஒரே சேறு," "விலாவ ரெண்டு தடவ சுத்திட்டு வந்தேன்" என்று காலை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை ஊரின் வாயில் அவர்கள் பெயர் புரண்டுகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்களைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு வண்டிகள் வரிசையாக மலையேறும். ஊரில் மிஞ்சுவது நாய்களும் அமோஸும்தான். ஜன்னல் வழியாக அந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர், நாமும் ஒரு சைக்கிள் வாங்கினால் என்ன, கூடப் போகிறவனிடம் பெயரைக் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தார்.

அவர் நினைத்தது அவ்வளவுதான். ஊருக்கு வேறு கவலை இருந்தது. வடக்குச் சரிவில் இரண்டு கோடை முழுக்க மண்வெட்டியும் கையுமாக நின்று ஒரு புதுப் பாதை வெட்டியிருந்தார்கள். முந்தின வருஷம் பூராவும் அதில் ஊரே ஓட்டியது. ஒருவருக்கும் ஓர் எலும்பு உடையவில்லை. எல்லாரும் அவ்வளவு தேர்ந்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்களை அழைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தலையணைக்கு உறை போட்ட மாதிரி உடம்பெல்லாம் கவசத்தோடு வந்து, விழுந்து, எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஜூலை மாதம் வனத்துறை அதிகாரி ரிப்பன் வெட்ட வருகிறார். சைக்கிள் பட்டறை ரஸ், தேவதாரு மரத்தில் நாலடிப் பலகை இழைத்துத் தயாராக வைத்திருந்தார். அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. இந்த நிலையில்தான் ஓர் ஆள் பாலிஷ் போட்ட ஷூவோடு உள்ளே வந்து, எனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார். யாருக்கும் அவர்மேல் கெட்ட எண்ணம் கிடையாது, அதை நான் சொல்லியாக வேண்டும். ஒரு சுண்டுவிரல் போனால்கூட ஊர் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டிருக்கும்.

காப்பியைக் குடித்துவிட்டு அமோஸ் சைக்கிள் பார்க்கக் கிளம்பினார். புதிதாக வாங்குகிறவர்கள் செய்வதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். டயரைக் கட்டை விரலால் அமுக்கினார். ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தார். கோதுமைக்காரர் அல்லவா, ஒவ்வொன்றின் எடையையும் சரியாகச் சொன்னார், அதைக் கேட்க ஆளில்லை. பெயிண்ட் உதிராமல் இருப்பதை நல்லது என்று நம்பினார். மணி இருக்கிறதா என்று தேடினார். கொட்டகையே அவர் பின்னால் நகர்ந்தது. பெரிய சக்கரத்தில் அவர் கைவைத்தால் நாலு பேர் அனுதாபத்தோடு உச்சுக் கொட்டினார்கள். முன்னும் பின்னும் அதிர்வு தாங்குகிற சைக்கிள் ஒன்றின்மேல் உட்கார்ந்தபோது பாதிரியாரே அவர் தோளில் கைவைத்து, சொகுசு ஆத்மாவுக்கு நல்லதல்ல என்றார். கடைசியில் கூட்டம் அவரை ரஸ்ஸின் மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே சுவரில் சாய்ந்து நின்றது அந்தச் சிவப்புச் சைக்கிள்.

அது அமோஸைவிட இரண்டு அளவு சின்னது. ஹேண்டில்பார் குறுகல், அதைத் தாங்குகிற கழுத்து கொக்குக் கழுத்தாக முன்னால் நீண்டு, ஏறி உட்கார்ந்தவன் மூக்கை முன்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய் வைத்தது. சீட் துருப்பிடித்து உயரத்திலேயே இறுகிவிட்டது, இறங்காது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அதன் பழைய சொந்தக்காரர் ஓர் இங்கிலாந்துக்காரர். அவர்கள் தேசத்தில் முன்சக்கரத்து பிரேக் வலது கையில்; எங்கள் தேசத்தில் இடது கையில். அவர் தன் ஊர் வழக்கப்படி மாற்றிக்கொண்டார், திரும்பிப் போனபோது அப்படியே விட்டுவிட்டுப் போனார். இது ரஸ்ஸுக்குத் தெரியும். க்ளென்டாவுக்குத் தெரியும். கொட்டகையில் தெரியாதவர் ஒருவர்தான்.

"ஒங்களுக்குன்னே செஞ்சு வச்சாப்ல இருக்கு," என்றார் க்ளென்டா. "ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கங்க. எடது கைய மறந்துருங்க. அது முன்சக்கரம். சரிவுல அதத் தொட்டா ஆளத் தூக்கி எறிஞ்சிரும். எப்பவும் வலது கை."

பிறகு பாதிரியார் அதையே சொன்னார். அஞ்சல் அலுவலகத்துப் பெண் சொன்னாள். வரிசையாகப் பத்துப் பேர் வந்து அவர் வலது கையைப் பிடித்துக்காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். பத்துப் பேர் சொன்னதும் உண்மைதான். இந்த நாட்டில் விற்கிற எந்தச் சைக்கிளுக்கும் அது உண்மை. ரஸ் மட்டும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அமோஸ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவரை இத்தனை பேர் தொட்டதில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று சிவப்பை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்புறம் வந்தார். அங்கே மருத்துவமனை நர்ஸ் ஒடெட், தன் நீலச் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். கியூபெக்காரி. ஊரில் ஒவ்வொருவருடைய எலும்பையும் அவள்தான் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். ஆளை மறந்தாலும் எலும்பை மறக்கமாட்டாள். அமோஸையும் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிகரெட்டை மிதித்து அணைத்தாள்.

"அந்த வலது பிரேக்க அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே முன்னாடி தள்ளுங்க."

அமோஸ் அமுக்கித் தள்ளினார். சைக்கிளின் பின்பக்கம் குதிரை உதைக்கிற மாதிரி எழும்பியது.

"எந்தச் சக்கரம் நின்னுச்சு?"

"முன்னாடி."

"உள்ள ஒங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

அமோஸ் பிரேக்கை விட்டார். இன்னொரு முறை அமுக்கினார். எடைக்கல்லைச் சந்தேகப்படுகிறவன் இரண்டு தட்டிலும் மாற்றி வைத்துப் பார்க்கிற மாதிரி இடதையும் அமுக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ ஒரு பழப் பணியாரத்தைப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள், மணிக்கட்டா கணுக்காலா என்று. எலும்பு, பலகை, ஜூலை மாதம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தலைக்குள் வந்து வரிசையில் நின்றன. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான், அவருக்கும் தெரியும். தெரிந்ததைத் தன் உடம்போடு சேர்த்துப் பார்க்கிற பழக்கம்தான் மனிதனுக்குக் கிடையாது.

"அவங்களுக்கு ஒங்கமேல கோவம் ஒண்ணும் இல்ல," என்றாள் ஒடெட். "பலகைக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதான்."

அதன்பிறகு அவள் பழைய சைக்கிளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டினாள். முன்பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் கழுத்தில் லொடலொடப்பு கேட்கக்கூடாது. முன்சக்கரத்தைக் கவ்வியிருக்கிற ஃபோர்க்கின் பளபளப்பான காலில் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. பெடல் சேர்கிற இடத்தில் பெயிண்டில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால், அது பெயிண்டில் விழுந்த கோடல்ல, இரும்பில் விழுந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நீலத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் உயரத்துக்குப் பொருந்தியது. அதில் உட்கார்ந்தபோது, யாரோ தனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டது போல அவருக்கு இருந்தது.

"என் முட்டி போயிருச்சு, அதான் விக்கிறேன். ரஸ் கேக்கறதவிடக் கம்மியாவே குடுங்க. இது ஒங்களப் பத்திரமா வீட்ல கொண்டுவந்து சேத்துரும், ஹால்வர்சன் வீட்டுக்காரரே."

அவள் மட்டும் அவர் பெயரைச் சொல்லியிருந்தால், சொல்லக்கூட வேண்டாம், கேட்டிருந்தால் போதும், அமோஸ் நீலத்தை வாங்கியிருப்பார். இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும். அவர் நீலத்திலிருந்து இறங்கி, அதன் சீட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, தேவாலயத்தில் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"எந்த எலும்பு ஒடஞ்சா சீக்கிரம் கூடும்?"

ஒடெட் அவரை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தொழில் மரியாதையோடு பதில் சொன்னாள். "காறையெலும்பு. தானே கூடிக்கும்."

"கழுத்து ஒடஞ்சா?"

"அதுக்குப் பலகை கெடையாது. செத்தவங்க பேர வைக்கிறதில்ல."

"அப்ப காறையெலும்புதான் தோது," என்று சொல்லிவிட்டு, அமோஸ் சிவப்பை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். ஊர் கைதட்டியது. ரஸ் விலை என்று பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளே ஞாயிற்றுக்கிழமை. வண்டியில் முன்சீட்டை அவருக்குக் கொடுத்தார்கள். புதுப் பாதையின் நடுவில் கூரைபோலச் சரிந்த ஒற்றைப் பாறை ஒன்று உண்டு. அதன் அடியில் ஊர் முழுக்கத் தற்செயலாக நின்றது. காளான் பறிக்க வந்தோம் என்றார்கள். ஒருவர் கையிலும் கூடை இல்லை, மடக்கு நாற்காலிதான் இருந்தது. பாதிரியார் முட்டை சாண்ட்விச் விநியோகித்துக்கொண்டிருந்தார். ஒடெட் சற்றுத் தள்ளி, மடியில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

அமோஸ் பாறையின் தலைக்கு வந்து ஒரு கணம் காலூன்றி நின்றார். கீழே அத்தனை முகமும் அவரைப் பார்த்தது. ஒருவர்கூட அவர் தோளைத் தாண்டி வேறெதையோ பார்க்கவில்லை. அவர் இடது சுண்டுவிரல் அசைந்தால் போதும், பின்சக்கரம் பிடித்து, தேய்ந்து தேய்ந்து, அவமானத்தோடு பத்திரமாக இறங்கிவிடலாம். அந்த விரலை அவர் பிரேக்கிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார். கூட்டம் தாளம்போட ஆரம்பித்தது. "ஹால்வர்சன் வீடு! ஹால்வர்சன் வீடு!" என்று சிலர், "வலது கை! வலது கை!" என்று சிலர். பொறுங்கள், இன்னும் ஒரு நிமிஷத்தில் வேறு பெயர் சொல்வீர்கள் என்று அமோஸ் நினைத்துக்கொண்டார். பெடலை மிதித்தார். பாறையின் பாதியில், கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி நிதானமாக, வலது பிரேக்கை அழுத்தினார்.

அவர் பறந்த உயரத்தைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. குறைவாகச் சொல்கிறவர்கள் சொன்னதையே எழுதுகிறேன். ஸ்ப்ரூஸ் மரத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மரங்கொத்தி கொத்துவதை நிறுத்திவிட்டு அவருக்கு வழிவிட்டது. அங்கிருந்து அவர் வீடு தெரிந்தது. புகைபோக்கியில் ஒரு செங்கல் தளர்ந்திருப்பதைக் கவனித்து, குளிர்காலத்துக்குள் பூசிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டார். திறப்புவிழாவில் எல்லாரோடும் கைகுலுக்க வலது கை வேண்டியிருக்குமே என்ற ஞாபகமும் அங்கேதான் வந்தது. ஆகவே காற்றிலேயே திரும்பிப் படுத்து, இடது தோளைக் கீழே கொடுத்தார். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் நாற்காலிகள் வரைக்கும் கேட்டது. சுத்தமான முறிவு. ஒடெட் கைவைத்துப் பார்த்துவிட்டு, "காறையெலும்பு," என்றதும் எழுந்த ஆரவாரத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மேய்ந்த மான்கள் மாகாண எல்லையைத் தாண்டின. க்ளென்டா அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அமோஸுக்கு வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டிலும் அவர் உதடுகள், ஏ, எம், என்று ஓர் எழுத்துக்கூட்டலை ஆரம்பித்தன. யாரோ, "ஜன்னி கண்டுருச்சு, பேச விடாதீங்க," என்று அவர் வாயில் சாண்ட்விச்சின் ஓரத்தை வைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து ரஸ் பலகையையும் உளியையும் எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பட்டறையில் அன்று பாதி ஊர் இருந்தது. அவர் பேரு என்ன என்று ரஸ் கேட்டார். க்ளென்டா பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் அஞ்சல் அலுவலகத்துப் பெண்ணைப் பார்த்தார். எட்டோ ஒம்போதோ எழுத்து, முன்னாடி ஒரு கே வரும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நேரே போய்க் கேட்டுவிடலாம் என்றார் ரஸ்.

"ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்றார் க்ளென்டா. "ஆறு வருஷம் கழிச்சு, ஊருக்காக எலும்ப ஒடச்சுக்கிட்ட மனுஷன்கிட்டப் போயி, ஒம்பேரு என்னன்னு கேப்பியா? அவரு மனசு என்ன பாடுபடும்?"

எல்லாருக்கும் அது நியாயமாகப்பட்டது. அவர் மனம் நோகக்கூடாது என்பதில் ஊர் ஒருமித்து நின்றது. ஆகவே 'ஹால்வர்சன் வீட்டுக்காரரின் காறையெலும்பு' என்று பென்சிலில் எழுதிப் பார்த்தார்கள். பலகை நாலடி, எழுத்து அடங்கவில்லை. இரண்டு வரியில் எழுதினால் பார்வைக்கு நன்றாயில்லை. ரஸ் நடுவிலிருந்து ஒரு துண்டை அழித்துவிட்டு, மிச்சத்தை ஒட்ட எழுதினார். இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜூலையில் திறப்புவிழா. அமோஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், இடது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் நின்றார். வலது கையை முந்தின நாள் இரவே நகம் வெட்டித் தயார்ப்படுத்தி வைத்திருந்தார். அதிகாரி ரிப்பனை வெட்டினார். க்ளென்டா பலகையை மூடியிருந்த போர்வையை இழுத்தார். தேவதாருவில் புதுசாகச் செதுக்கிய எழுத்து வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஹால்வர்சனின் காறையெலும்பு.  பிறகு கூட்டத்தில் ஒரு விதவை விசும்பினாள். இன்னொருத்தி விசும்பினாள். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று யாரோ தழுதழுத்தார்கள். செத்தவர் பெயரை வைப்பது வழக்கமில்லையே என்று பாதிரியார் மெல்ல ஆரம்பித்தபோது, ஹால்வர்சன் விஷயம் வேறு என்று ஊரே அவரை அடக்கியது. அமோஸ் தன் வலது கையை நீட்டியபடி இருந்தார். அதைப் பிடித்துக் குலுக்கியவர்கள் எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொல்வது போலக் குலுக்கிவிட்டு, ஹால்வர்சன் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றார்கள். ஒடெட் ஒருத்திதான் பலகையைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் பெயரைக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபிறகும் அவர் அங்கேயே இருந்தார். விரலை எழுத்துகளின் பள்ளத்துக்குள் விட்டு, கோதுமை மணியில் பூச்சி இருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்போது வெளியூர்க் குடும்பம் ஒன்று, புதுச் சைக்கிள்களும் உடம்பெல்லாம் கவசமுமாக, மூச்சுவாங்க மேலே வந்தது. தங்களைப் பலகையோடு ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒற்றைக் கையால் எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டம்மாள் பலகையை உரக்கப் படித்துவிட்டு, தூளியில் தொங்கிய கையைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கதான் ஹால்வர்சனா?"

அமோஸ் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார். மரங்களுக்கு நடுவே அவர் கூரை தெரிந்தது. புகைபோக்கியில் அந்தச் செங்கல் இன்னும் தளர்ந்துதான் இருந்தது.

"நான்தான்," என்றார்.

அவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். கடைசிப் பெண்குழந்தை மட்டும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வலிச்சுதா என்று கேட்டது.

என் அப்பா ஹால்வர்சன் கட்டிய அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன், அதில்தான் இன்றைக்கும், குளிர் ஏறினால் குடைகிற இந்த இடது காறையெலும்போடு, தனியாக இருக்கிறேன், யாருக்கும் அதை விற்றதில்லை.